பத்தாயிரத்துக்குள் ஒரு போன் போதும், நம்பர் உங்கள் பெயரில் இருக்கட்டும்

வேளாண் அலுவலர் பதில்கள்

சென்ற இரண்டு இதழ்களுக்கும் சேர்த்து வந்த கடிதங்களைப் பிரித்துப் பார்த்தால், பூச்சி, உரம் பற்றிக் கேட்டவர்களைவிட போனைப் பற்றிக் கேட்டவர்கள் அதிகம். பயிர் டாக்டரிடம் போனைப் பற்றி ஏன் கேட்கிறார்கள் என்று சிலருக்குத் தோன்றலாம். மானியமா, காப்பீடா, அடையாள எண்ணா, எதற்குப் போனாலும் இப்போது முதலில் கேட்பது போன் நம்பரைத்தான். வட்டார அலுவலகத்தில் என் மேஜை முன்னால் நடக்கும் பாதிப் பஞ்சாயத்தும் அதைச் சுற்றித்தான். ஆகவே இந்த இதழை முழுக்கப் போனுக்கே ஒதுக்கிவிட்டேன். பலாவில் பிஞ்சு அழுகல் பற்றிக் கேட்டவர்களுக்கு அடுத்த இதழில் பதில்.

கேள்வி: "என் பெயரில் இரண்டு ஏக்கர் பட்டா நிலம் இருக்கிறது. ஒரு ஏக்கர் முந்திரி, வரப்போரம் பலா, மீதி மல்லாட்டை. பட்டன் போன்தான் வைத்திருக்கிறேன். விவசாயி தனி அடையாள எண் பதிய முகாமுக்குப் போனேன். ஓ.டி.பி. திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் என் மகன் போனுக்குப் போய்விட்டது. அவன் வேலையில் இருந்தான், எடுக்கவில்லை. வெறுங்கையோடு திரும்பினேன். டச் போன் வாங்கினால் சரியாகும் என்கிறார்கள். கடையில் தவணையில் இருபத்தைந்தாயிரத்துக்கு ஒன்றைக் காட்டுகிறார்கள். முந்திரி விற்றதில் கையில் பத்தாயிரம் இருக்கிறது. எதை வாங்கலாம்?" (பெண் வாசகர், திருவதிகை)

அம்மா, கடைக்குப் போவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் ஒரு லட்ச ரூபாய்க்கு டச் போன் வாங்கினாலும் அந்த ஓ.டி.பி. திருப்பூருக்குத்தான் போகும். ஓ.டி.பி. வருவது போனுக்கு அல்ல, நம்பருக்கு. உங்கள் ஆதாரில் மகன் நம்பர் பதிவாகியிருக்கிறது. அதை மாற்றினால், நீங்கள் இப்போது வைத்திருக்கும் பட்டன் போனிலேயே அந்த ஆறு எண்ணும் வந்து நிற்கும்.

ஆகவே முதல் செலவு 75 ரூபாய். ஆதார் சேவை மையத்தில் நம்பர் மாற்ற அதுதான் கட்டணம். வேறு ஆவணம் எதுவும் வேண்டாம், பழைய நம்பருக்கு ஓ.டி.பி. வரவேண்டும் என்பதும் இல்லை. நீங்கள் நேரில் போய்க் கைரேகை வைத்தால் போதும். தபால்காரர் மூலமாகவும் இந்த மாற்றத்தைச் செய்துகொள்ளலாம். இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் வங்கிச் சேவையில் 2021 முதல் அந்த வசதி இருக்கிறது. உங்கள் பகுதித் தபால்காரரிடம் கருவி இருக்கிறதா என்று கேளுங்கள்.

நம் பக்கத்துக்கு மட்டும் ஒரு சிக்கல் உண்டு. முந்திரிக்கொட்டை உடைக்கிறவர்கள் கையில் ரேகை நிற்பதில்லை. கொட்டைத் தோட்டில் இருக்கும் எண்ணெய் தோலைச் சுட்டு உரித்துவிடும். பண்ருட்டி சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ பெண்கள் ரேஷன் கடையில் விரலை மாற்றி மாற்றி வைத்துவிட்டு நிற்பதைப் பார்க்கிறோம். நீங்களும் உடைக்கப் போகிறவரானால், நாலைந்து நாள் அந்த வேலையை விட்டு, இரவில் தேங்காய் எண்ணெய் தடவி, கை தேறியபின் மையத்துக்குப் போங்கள். அப்படியும் பதியவில்லை என்றால் கண் கருவிழியை வைத்துச் சரிபார்க்கச் சொல்லிக் கேளுங்கள், அதற்கும் ஏற்பாடு உண்டு. "விரல் விழவில்லை, போய் வாருங்கள்" என்று சொன்னால் உடனே கிளம்பிவிடாதீர்கள்.

ஆதாரில் மாற்றினால் எல்லா இடத்திலும் தானாக மாறாது. வங்கிக் கணக்கில் தனியாக எழுதிக் கொடுக்க வேண்டும். பி.எம். கிசான் பதிவில் இருக்கும் நம்பரை இ-சேவை மையத்தில் மாற்றிக்கொள்ளலாம். ரேஷன் கார்டிலும் மாற்றுங்கள். ஒரே வாரத்தில் இந்த நாலையும் முடித்துவிட்டால் பிறகு அலைச்சல் இல்லை.

அந்த சிம் யார் பெயரில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். வீட்டில் ஒருவர் ஆதாரைக் கொடுத்து நாலு சிம் வாங்கி ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொள்வது நம் ஊரில் வழக்கம். சிம் தொலைந்தால் அதே நம்பரைத் திரும்ப வாங்க, யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் நேரில் போக வேண்டும். மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் 'சஞ்சார் சாத்தி' இணையதளத்தில் உங்கள் நம்பரைப் போட்டு, வரும் ஓ.டி.பி.யைக் கொடுத்தால் உங்கள் பெயரில் எத்தனை இணைப்புகள் இருக்கின்றன என்று காட்டும். நமக்குத் தெரியாத நம்பர் அதில் இருந்தால், அங்கேயே 'இது என் நம்பர் அல்ல' என்று தெரிவிக்கலாம்.

ரீசார்ஜ் விஷயம் பலர் கவனிக்காதது. தொடர்ந்து 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாத நம்பரைக் கம்பெனி துண்டிக்கலாம். துண்டித்தபின் இன்னொரு 90 நாள் கழித்து அதே நம்பரை வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். அப்புறம் உங்கள் வங்கிச் செய்தி முன்பின் தெரியாத ஒருவர் போனில் வந்து விழும். ஆகவே ஆதாரிலும் வங்கியிலும் கொடுத்த நம்பரை மல்லாட்டை விதைபோலக் காப்பாற்ற வேண்டும். பட்டன் போனோடு நிற்பவர்கள் டேட்டா சேர்ந்த பெரிய பிளான் போட வேண்டியதில்லை. பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் உள்ள பிளானைத் தனியாகத் தரவேண்டும் என்று டிராய் உத்தரவிட்டு, 2025 ஜனவரியிலிருந்து கம்பெனிகள் தருகின்றன. கடைக்காரர் தானாகச் சொல்லமாட்டார், நாம்தான் கேட்க வேண்டும்.

சரி, இனி டச் போன். வேண்டுமா என்றால், உங்களுக்கு வேண்டும் என்றே சொல்வேன். பலா சீசனில் வியாபாரி சொல்வதுதான் விலை என்று இருக்காமல் நாலு இடத்து விலையை நீங்களே பார்க்கலாம். ஆனால் இருபத்தைந்தாயிரம் வேண்டாம். தவணையில் எடுக்கும்போது செயல்முறைக் கட்டணம் என்று ஒன்று சேரும், ஒரு மாதம் வங்கியில் பணம் இல்லாமல் போனால் அபராதம் இரண்டு பக்கமும் சேரும். முந்திரிப் பணம் வருடத்துக்கு ஒரு தடவை வருவது. மாதா மாதம் கட்டும் கடன் அதற்கு ஒத்துவராது. கடைக்காரர் காட்டும் விலை உயர்ந்த போனில் கூடுதலாக இருப்பது பெரும்பாலும் கேமராவும் விளையாட்டு வேகமும். இலையில் விழுந்த புள்ளியைப் படமெடுத்து எனக்கு அனுப்ப எட்டாயிரம் ரூபாய் போனின் கேமரா தாராளம்.

ஏழாயிரத்திலிருந்து பத்தாயிரத்துக்குள் கிடைக்கும் போன்களில் மூன்று எண்களைக் கேளுங்கள். ரேம் 4 ஜி.பி., சேமிப்பு 64 ஜி.பி., பேட்டரி 5,000 எம்.ஏ.எச். ரேம் 2 என்றால் ஆறு மாதத்தில் திணறும். பெட்டியில் 'ரேம் 8 வரை' என்று பெரிதாகப் போட்டிருந்தால் அதில் பாதி சேமிப்பிலிருந்து கடன் வாங்கிக் காட்டுவது, உண்மையான ரேம் எவ்வளவு என்று கேளுங்கள். ஆண்ட்ராய்டு பதிப்பு 13க்குக் குறையாமல் இருக்கட்டும். பழைய பதிப்பில் வங்கிச் செயலிகள் ஒவ்வொன்றாக வேலை செய்வதை நிறுத்திவிடும். 5ஜி இந்த விலையில் கிடைத்தால் சரி, அதற்காக இரண்டாயிரம் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம். உங்கள் வீட்டிலும் தோப்பிலும் எந்தக் கம்பெனி டவர் எடுக்கிறது என்பதுதான் முக்கியம். அதைக் கடைக்காரரைவிடப் பக்கத்துக் கொல்லைக்காரர் சரியாகச் சொல்வார்.

கடைக்குள் எல்லாத் திரையும் பளிச்சென்றுதான் இருக்கும். போனை வாங்கிக்கொண்டு வாசலுக்கு வந்து வெயிலில் பிடித்துப் பாருங்கள். எழுத்து தெரியவில்லை என்றால் அந்தப் போன் கொல்லைக்கு உதவாது. ஒருவரைக் கூப்பிடச் சொல்லி, பஸ் போகும் சத்தத்தில் மணி கேட்கிறதா, பேச்சு கேட்கிறதா என்றும் பாருங்கள். ஜி.எஸ்.டி. போட்ட பில் வாங்காமல் கடையை விட்டு இறங்காதீர்கள். பில்லில் போனின் ஐ.எம்.இ.ஐ. எண் இருக்க வேண்டும். டயல் செய்யும் இடத்தில் *#06# அழுத்தினால் 15 இலக்க எண் வரும், அதுவும் பில்லும் பெட்டியும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அந்தப் பில்லைப் பட்டாவோடு வையுங்கள். கடையில் தகராறு என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

போன் வந்த முதல் நாள் சாயங்காலம் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பேரப்பிள்ளையிடம் கொடுத்து "நீயே எல்லாம் போட்டுக் கொடு" என்று சொன்னால், கூகுள் கணக்கு அவன் பெயரில் இருக்கும், கடவுச்சொல் அவனுக்கு மட்டும் தெரியும், அவன் ஹாஸ்டலுக்குப் போனதும் நீங்கள் பூட்டின வீட்டுக்கு வெளியே நிற்பீர்கள். அவன் பக்கத்தில் உட்காரட்டும். தொடுவது உங்கள் விரலாக இருக்கட்டும்.

முதலில் செட்டிங்ஸில் மொழியைத் தமிழுக்கு மாற்றி, எழுத்தைப் பெரிதாக்குங்கள். உங்கள் பெயரில், உங்கள் நம்பரில் கூகுள் கணக்குத் திறந்து, கடவுச்சொல்லை ஒரு நோட்டில் எழுதிப் பீரோவில் வையுங்கள். எழுதி வைக்காதே என்று டவுனில் சொல்வார்கள். நம் வீட்டுப் பீரோவைத் திறந்து பார்ப்பவனைவிட, மறந்துபோவதுதான் நமக்குப் பெரிய ஆபத்து. ஏ.டி.எம். எண்ணையும் யு.பி.ஐ. ரகசிய எண்ணையும் மட்டும் எங்கும் எழுதாதீர்கள்.

திரைப் பூட்டுக்கு விரல் ரேகையை நம்பாமல் ஆறு இலக்க எண் வையுங்கள். முந்திரி எண்ணெய் கதை இங்கேயும் வரும். பலா அறுத்த கையில் பால் ஒட்டியிருந்தால் திரையே கேட்காது. எண்ணெய் தேய்த்துத் துடைத்துவிட்டுத் தொடுங்கள். மருந்து அடிக்கும்போது போனைச் சட்டைப்பையில் வைத்திருப்பதும், அந்தக் கையோடு எடுத்துப் பேசுவதும் கூடவே கூடாது. கையிலிருந்து போனுக்கு, போனிலிருந்து கன்னத்துக்கு, அப்புறம் அதை வாயில் வைக்கும் குழந்தைக்கு என்று மருந்து நடந்துபோகும். வரப்பில் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வைத்துவிட்டு இறங்குங்கள்.

தமிழில் தட்டத் தெரியவில்லையே என்று கவலை வேண்டாம். விசைப்பலகையில் மைக் படம் இருக்கும். அதை அழுத்தித் தமிழில் பேசினால் அதுவே எழுதிக்கொள்ளும். 'மல்லாட்டை' என்று சொன்னால் சில சமயம் வேறு எதையாவது எழுதும், 'நிலக்கடலை' என்றால் சரியாக எழுதிவிடும்.

செயலிகளில் நான் நாலைத்தான் சொல்வேன். தமிழ்நாடு அரசின் 'உழவன்' 2018ல் வந்தது. மானியத் திட்டம், உரக்கடையில் இருப்பு, சந்தை விலை, அணை நீர்மட்டம், இயந்திர வாடகை முன்பதிவு எல்லாம் அதில் உண்டு. 'மேகதூத்' வானிலைத் துறையின் வேளாண் ஆலோசனை, செவ்வாயும் வெள்ளியும் புதுப்பிக்கப்படும், தமிழிலும் வரும். 'தாமினி' மின்னலுக்கு. சுற்று வட்டாரத்தில் 20 முதல் 40 கிலோமீட்டருக்குள் மின்னல் இருந்தால் எச்சரிக்கும். இடி இடித்தால் முந்திரி மரத்தடியில் ஒதுங்குகிற பழக்கம் உள்ள ஊரில் இது அவசியம். நாலாவது பி.எம். கிசான் செயலி. அதில் 2023லிருந்து முகத்தைக் காட்டி இ-கே.ஒய்.சி. முடிக்கலாம், ஓ.டி.பி.யும் வேண்டாம், கைரேகையும் வேண்டாம். விரல் தேய்ந்தவர்களுக்கு இது பெரிய உபகாரம். இந்த நாலையும் பிளே ஸ்டோரில் மட்டும் எடுங்கள். யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் தொடவேண்டாம், ஏன் என்று கடைசிக் கடிதத்தில் பாருங்கள்.

பணப் பரிமாற்றத்துக்கு ஒரே ஒரு எச்சரிக்கை. பணம் பெறுவதற்கு ரகசிய எண் போடவே வேண்டாம். பலா எடுக்க வந்த ஆள் "இதை ஸ்கேன் செய்து எண்ணைப் போடுங்கள், பணம் ஏறிவிடும்" என்றால், ஏறாது, இறங்கும். அவர் போனில் காட்டும் 'அனுப்பியாச்சு' படத்தையும் நம்ப வேண்டாம். உங்கள் வங்கிக் கணக்கில் இருப்பு கூடியதை உங்கள் போனில் பார்த்தபின் லோடு ஏற்றுங்கள். பட்டன் போனோடு இருப்பவர்களும் 'யு.பி.ஐ. 123பே' மூலம் பணம் அனுப்பலாம். 2022ல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த ஏற்பாடு அது, ஒரு தடவைக்கு 10,000 ரூபாய் வரை.

உங்கள் பழைய பட்டன் போனைத் தூக்கிப் போடாதீர்கள். அது எதற்கு என்று கீழே சொல்கிறேன்.

கேள்வி: "பண்ருட்டியில் பழைய போன் மூவாயிரத்துக்குத் தருகிறார்கள். வாங்கலாமா?" (வாசகர், நெல்லிக்குப்பம்)

பில் இல்லாமல் வாங்காதீர்கள். திருட்டுப் போன் என்றால் ஒரு நாள் போலீஸ் உங்கள் வீட்டுக்கு வரும். *#06# போட்டு வரும் 15 இலக்க எண்ணை எடுத்து, குறுஞ்செய்தியில் ஆங்கிலத்தில் கே, ஒய், எம் என்ற மூன்று எழுத்தையும் ஒரு இடம் விட்டு அந்த எண்ணையும் அடித்து 14422க்கு அனுப்புங்கள். முடக்கப்பட்ட போனா, போலி எண்ணா என்று பதில் வரும். வாங்கியபின் பழைய ஆளின் கூகுள் கணக்கு அதில் இருந்தால், அவர் எதிரிலேயே அதை நீக்கிவிட்டு, போனை முழுக்க அழித்துப் புதிதாகத் தொடங்கச் சொல்லுங்கள். அவர் போனபின் செய்யப் பார்த்தால் போன் அவர் கடவுச்சொல்லைக் கேட்டு நிற்கும். என்னைக் கேட்டால், மூவாயிரத்துக்குப் பழைய டச் போனைவிடப் புதிய 4ஜி பட்டன் போன் மேல். அதிலும் ஒரு விஷயம்: ஜியோ பாரத் போன்ற சில போன்கள் அந்தக் கம்பெனி சிம்மை மட்டுமே ஏற்கும். தெரிந்து வாங்குங்கள்.

கேள்வி: "மோட்டாரை வீட்டிலிருந்தே போனில் ஓட்டும் கருவி வாங்கினேன். புது சிம் போட்டும் வேலை செய்யவில்லை. கருவி பழுதா?" (வாசகர், காட்டுமன்னார்கோயில்)

அநேகமாகக் கருவி பழுதாக இருக்காது. அந்தக் கருவிகளில் பல 2ஜியில் இயங்குபவை. ஜியோவுக்கு 2ஜி கிடையாது. நீங்கள் போட்டது ஜியோ சிம்மானால் அதனால்தான். ஏர்டெல், வி, பி.எஸ்.என்.எல். இவற்றில் உங்கள் போர்வெல் அருகே எது எடுக்கிறதோ அதைப் போட்டுப் பாருங்கள். புதிதாக வாங்குகிறவர்கள் 4ஜி கருவியா என்று கேட்டு வாங்குங்கள். இந்தக் கருவிக்கு வேளாண்மைப் பொறியியல் துறையில் மானியம் உண்டு. வாங்கிவிட்டு வந்து மானியம் கேட்டால் கிடைக்காது, முதலில் விண்ணப்பம். மோட்டார் பெட்டியைத் திறந்து சிம் மாற்றும்போது மெயினை அணையுங்கள், ஈரக் கையோடு தொடாதீர்கள்.

கேள்வி: "புயல் வந்தால் கரண்ட் இல்லாமல் போன் செத்துவிடுகிறது. பவர் பேங்க் எது வாங்கலாம்? கடையில் 20,000 என்று போட்டது 400 ரூபாய்க்குக் கிடைக்கிறது." (வாசகர், பரங்கிப்பேட்டை)

அந்த நானூறு ரூபாய்ச் சரக்கை வாங்காதீர்கள். போனில் மின்சாரம் இல்லாமல் இருந்தால் என்ன ஆகும் என்று கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கரையேறியபோது முந்திரியும் பலாவும் வேரோடு போனது மட்டுமல்ல, கம்பங்களும் போயின. பல ஊர்களில் வாரக்கணக்கில் இருட்டு. அப்போது பேட்டரியில் ஓடும் டிரான்சிஸ்டர் வைத்திருந்த வீட்டு வாசலில்தான் ஊரே உட்கார்ந்திருந்தது. 2024 டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து 1,68,000 கன அடி திறந்தபோது தென்பெண்ணைக் கரை ஊர்களில் நடந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. தண்ணீர் வந்தது ஆட்கள் தூங்கும் நேரத்தில். அந்த நேரத்தில் போன் உயிரோடு இருக்க வேண்டும், மணியும் அணைத்து வைத்திருக்கக் கூடாது.

பவர் பேங்கில் 10,000 எம்.ஏ.எச். என்று எழுதியிருப்பது உள்ளே இருக்கும் செல்லின் கணக்கு, 3.7 வோல்ட்டில். போனுக்கு 5 வோல்ட்டாக மாறி வெளியே வரும்போது கிட்டத்தட்ட 6,000தான் நிற்கும். நல்ல கம்பெனி இதைப் பின்பக்கம் சின்ன எழுத்தில் 'ரேட்டட் கெப்பாசிட்டி' என்று போட்டிருக்கும். அந்த எழுத்தே இல்லாத சரக்கை ஒதுக்கிவிடுங்கள். இதன்படி 5,000 பேட்டரி டச் போன் ஒரு தடவை முழுசாகவும் மேலே கொஞ்சமும் ஏறும். அதுவே 1,200 பேட்டரி பட்டன் போன் என்றால் நாலைந்து தடவை ஏறும், ஒவ்வொரு தடவையும் இரண்டு மூன்று நாள் ஓடும். திருவதிகை அம்மாவிடம் பட்டன் போனைத் தூக்கிப் போடாதீர்கள் என்று சொன்னது இதற்காகத்தான். புயல் சின்னம் என்று வானொலியில் சொன்ன அன்றே சிம்மைப் பட்டன் போனுக்கு மாற்றிவிட்டால், ஒரு பவர் பேங்கில் ஒரு வாரத்துக்கு மேல் பேசலாம். சிம் எடுக்கும் ஊசியை அதோடு நூல் கட்டி வையுங்கள். நேரம் வரும்போது கிடைக்காதது அதுதான்.

பவர் பேங்க், சார்ஜர் இரண்டிலும் பி.ஐ.எஸ். குறியும் அதன் கீழே 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும், சட்டப்படி கட்டாயம். எண் போலியா என்று 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் போட்டுப் பார்க்கலாம். வீங்கிய பவர் பேங்கைக் குத்தவோ வெயிலில் காய வைக்கவோ வேண்டாம். குழந்தைகள் படுக்கும் இடத்தில் இரவெல்லாம் சார்ஜ் போட்டு வைக்காதீர்கள்.

டவரும் விழுந்துவிட்டால் போனால் பயனில்லை. அதற்குத்தான் பேட்டரியில் ஓடும் சின்ன ரேடியோ, புதுச்சேரி வானொலி நம் பக்கத்துக்குத் தெளிவாக எடுக்கும். போனிலேயே எஃப்.எம். இருந்தாலும் பல டச் போன்களில் கம்பியுள்ள ஹெட்போன் செருகினால்தான் பாடும், அந்தக் கம்பிதான் ஏரியல். நாற்பது ரூபாய்க் கம்பி ஹெட்போன் ஒன்றை அலமாரியில் வைத்திருங்கள்.

டச் போனில் செட்டிங்ஸில் 'பாதுகாப்பும் அவசரமும்' என்ற பகுதிக்குள் அவசர எச்சரிக்கைகள் என்று ஒன்று இருக்கும். அது திறந்திருக்கிறதா பாருங்கள். 2023ல் எல்லார் போனும் ஒரே நேரத்தில் அலறியதே, அந்தச் சோதனை இதற்காகத்தான் நடந்தது. பயந்துபோய் அப்போது பலர் அணைத்துவிட்டார்கள். தமிழக அரசின் 'டி.என். அலர்ட்' செயலியையும் போட்டு வையுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070, மின்தடைக்கு மின்னகம் 94987 94987, கிசான் கால் சென்டர் 1800 180 1551. இவற்றைத் தமிழ்ப் பெயரில் போனில் பதிந்து, சுவரிலும் எழுதுங்கள். பயிர்க் காப்பீட்டில் சேதத்தை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டிய வகைகள் உண்டு, அதற்கு 14447. அந்த மூன்று நாளும் போன் உயிரோடு இருக்க வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள்.

போன் வெள்ளத் தண்ணீரில் விழுந்துவிட்டால் அரிசிப் பானைக்குள் புதைக்காதீர்கள், தவிட்டுத் தூசிதான் உள்ளே போகும். அணைத்து, சிம்மை எடுத்து, துடைத்து, காற்றோட்டமான நிழலில் இரண்டு நாள் வையுங்கள். அதுவரை சார்ஜர் செருகக் கூடாது.

கேள்வி: "வாட்ஸ்அப்பில் எங்கள் சங்கத்துக்காரர் நம்பரிலிருந்து பி.எம். கிசான் என்று ஒரு ஃபைல் வந்தது. தவணை வர அதைத் திறக்க வேண்டும் என்று இருந்தது. திறந்தேன். மறுநாள் காலை கணக்கிலிருந்த பதினெட்டாயிரமும் இல்லை. நான் யாருக்கும் ஓ.டி.பி. சொல்லவில்லை. எப்படிப் போனது? வீட்டில் இன்னும் சொல்லவில்லை." (வாசகர், காடாம்புலியூர்)

ஐயா, முதலில் வீட்டில் சொல்லுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. படித்த உத்தியோகஸ்தர்களும் இதில் விழுந்திருக்கிறார்கள். நீங்கள் சொன்னால்தான் அதே ஃபைல் உங்கள் மனைவி, தம்பி போனுக்கு வரும்போது அவர்கள் தப்புவார்கள்.

நடந்தது இதுதான். அந்த ஃபைலின் பெயர் கடைசியில் ஏ.பி.கே. என்று முடிந்திருக்கும். அது படமோ கடிதமோ அல்ல, ஒரு செயலி. திறந்தபோது 'அறியாத இடத்திலிருந்து நிறுவ அனுமதி', 'குறுஞ்செய்தி படிக்க அனுமதி' என்று அடுத்தடுத்துக் கேட்டிருக்கும், தவணை வரவேண்டுமே என்று சரி சரி என்று அழுத்தியிருப்பீர்கள். அதன்பின் உங்கள் போனுக்கு வரும் ஓ.டி.பி.யை அதுவே படித்து எங்கோ இருக்கிறவனுக்கு அனுப்பிவிடும். நீங்கள் வாய் திறக்க வேண்டியதே இல்லை. உங்கள் வாட்ஸ்அப்பைப் பிடித்துக்கொண்டு அதே ஃபைலை உங்கள் பெயரில் மற்றவர்களுக்கும் அனுப்பும். சங்கத்துக்காரர் நம்பரிலிருந்து வந்தது அப்படித்தான், அவர் அனுப்பியிருக்கமாட்டார். அவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.

இந்த இதழ் கைக்கு வந்தவுடன், இதுவரை செய்யாவிட்டால், 1930க்கு வேறு போனிலிருந்து கூப்பிடுங்கள். தேசிய சைபர் மோசடி உதவி எண் அது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் நிறுத்த வாய்ப்பு. நாள் கடந்துவிட்டாலும் புகார் செய்யுங்கள். அவர்கள் தரும் புகார் எண்ணைக் குறித்துக்கொண்டு, பாஸ்புக்கோடு வங்கிக்குப் போய் எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். ஏ.டி.எம். அட்டை, யு.பி.ஐ. இரண்டையும் முடக்கச் சொல்லுங்கள். மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்திலும் நேரில் கொடுக்கலாம்.

போனிலிருந்து சிம்மை எடுத்துவிடுங்கள், வைஃபை இருந்தால் அதையும் அணையுங்கள். அந்தச் செயலி சில சமயம் திரையில் படம் இல்லாமல் ஒளிந்திருக்கும். செட்டிங்ஸில் செயலிகள் பட்டியலில் தேடி நீக்க வேண்டும், நீங்கவில்லை என்றால் தேவையான படங்களை வேறு இடத்தில் எடுத்து வைத்துக்கொண்டு போனை முழுக்க அழித்துவிட வேண்டும். அழிப்பதற்கு முன் அந்தச் செய்தியையும் பணம் போன குறுஞ்செய்தியையும் இன்னொரு போனில் படமெடுத்து வையுங்கள், புகாருக்கு வேண்டும். அதுவரை உங்கள் சிம் ஒரு பட்டன் போனில் இருக்கட்டும். அதில் இந்த ஃபைல் எதுவும் திறக்காது.

மற்றவர்கள் இன்றே செட்டிங்ஸில் 'அறியாத செயலிகளை நிறுவு' என்ற இடத்துக்குப் போய் வாட்ஸ்அப்புக்கு எதிரே அனுமதி இல்லை என்று இருக்கிறதா பாருங்கள். வாட்ஸ்அப்பில் ஃபைல் தானாக இறங்குவதையும் நிறுத்துங்கள். பி.எம். கிசான் தவணை ஆண்டுக்கு மூன்று தடவை, 2,000 ரூபாயாகத் தானாகக் கணக்குக்கு வரும். அதற்காக எந்த ஃபைலையும் யாரும் வாட்ஸ்அப்பில் அனுப்புவதில்லை. சந்தேகம் வந்தால் திறக்காமல் அப்படியே போனைக் கொண்டுவந்து உங்கள் உதவி வேளாண்மை அலுவலரிடம் காட்டுங்கள்.

காடாம்புலியூர்க்காரர் தம் கடிதத்தில் முகவரி எழுதவில்லை. வங்கி முத்திரை போட்ட நகலோடு பண்ருட்டி வட்டார அலுவலகத்துக்கு வந்தால், பி.எம். கிசான் பதிவில் கணக்கு எண்ணோ போன் நம்பரோ மாற வேண்டியிருந்தால் அன்றைக்கே சேர்ந்து பார்த்துவிடலாம்.